சுடாத கால்

இடது கால் செருப்பு எந்த இடத்தில் கழன்றது என்று எனக்குத் தெரியாது. வரம்பு வழியே நடந்து வயல்வாடிக்கு (வயற்காவல் குடிசைக்கு) வந்தேன். அங்கே குந்தியிருந்த என் மச்சான் கந்தப்பன், என் மனைவியின் தம்பி, என் காலைப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன அத்தான், ஒத்தச் செருப்போட வாறீங்க? மத்தத நரி தூக்கிற்றுப் போயிட்டா?"

குனிந்து பார்த்தேன். இடது கால் வெறுங்கால். திரும்பிப் பார்த்தால், வந்த வழி முழுவதும் அந்தக் கால் மண்ணை இழுத்த கோடு கிடந்தது. மாடு கலப்பையை இழுத்தது போல நான் என் காலை இழுத்து வந்திருக்கிறேன். அது எனக்குத் தெரியவில்லை. நோய் எனக்குச் சொன்ன முதற்சொல் அதுதான். நானோ செருப்பைத் தேடியெடுத்து வாரைத் தைக்கக் கொடுத்தேன்.

நான் யார் என்பதைச் சொல்லாமல் மேலே போனால் நீங்கள் இதை நம்பமாட்டீர்கள். பள்ளிக்கூடத்தில் நான் அரிவரி வகுப்பைத் தாண்டவில்லை. ஒரு போடியாரின் (பெரிய வயற்சொந்தக்காரரின்) வயலில் முல்லைக்காரனாக (கூலிக்காரரை மேய்த்து வயலைப் பார்க்கிறவன்) இருந்தேன். பிறகு காடு வெட்டினேன். யானைக்கும் காய்ச்சலுக்கும் பயந்து மற்றவர்கள் விட்டு ஓடிய மண்ணை நான் வயல் வட்டையாக்கினேன். இன்றைக்கு என்னையும் போடியார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதை யாரும் எனக்குச் சீதனமாகத் தரவில்லை. என் இரண்டு கால்கள் சம்பாதித்தது. ஆகவே கால் போனால் எனக்கு என்ன போகும் என்பது உங்களுக்கு விளங்கும்.

இதை நான் சொல்லச் சொல்ல என் மருமகன் எழுதினான். எழுத்துப் பிழையைத் திருத்த அவனுக்கு அனுமதி உண்டு. சொன்ன விஷயத்தைத் திருத்த அனுமதி இல்லை.

செருப்புக்குப் பிறகு நெஞ்சைச் சுற்றி ஒரு பிடிப்பு வந்தது. நனைந்த கயிற்றை முலைக்குக் கீழே வரிந்து கட்டி, அது காயக் காய இறுகுவது போல. இருமினால் இறுகும், தும்மினால் இன்னும் இறுகும். பரிசாரியார் (எங்கள் பக்கத்து நாட்டு வைத்தியர்) நாடி பிடித்து, வாதம் என்றார். எண்ணெய் காய்ச்சினார். உடம்பு முழுவதும் பூசி வெயிலில் கிடத்தினார்கள். வறுத்த மணலைச் சீலையில் கட்டி ஒற்றடம் போட்டார்கள்.

அந்த ஒற்றடத்தில் ஒரு விஷயம் நடந்தது. அப்போது யாரும் அதைக் கவனிக்கவில்லை. இடது காலில் வைத்தால், "எடு, எடு" என்று கத்துவேன். வலது காலில் வைத்தால் சும்மா கிடப்பேன். என் மனைவி வள்ளிப்பிள்ளை, "வலது கால் நல்ல காலங்க, அதுக்குச் சூடு தாங்குது," என்றாள். நானும் அப்படித்தான் நம்பினேன். நடக்க முடியாத கால் கெட்ட கால், வலி தாங்குகிற கால் நல்ல கால் என்று யாரும் நினைப்பார்கள்தானே. ஊரில் வந்தவன் போனவன் எல்லாம் ஒவ்வொரு மருந்து சொன்னான். மயில் எண்ணெய் தடவச் சொன்னான் ஒருவன். கால்மாட்டை மாற்றிப் படுக்கச் சொன்னான் இன்னொருவன். எல்லாம் செய்தேன். காலோ நாளுக்கு நாள் ஈரச் சாக்கு மாதிரிக் கனத்தது.

கடைசியில் அம்மனுக்கு நேர்ந்துகொண்டேன்.

எங்கள் கோயிலில் ஆண்டுக்கொரு முறை சடங்கு நடக்கும். கடைசி நாள் தீப்பாய்தல். நேர்ந்துகொண்டவர்கள் கையில் காப்புக் கட்டி, மச்சம் மாமிசம் தள்ளி, கோயிலிலேயே படுத்தெழும்பி, முடிவில் தணல் பரப்பிய குழியில் இறங்கி நடப்பார்கள். விரதம் சரியாக இருந்தால் கால் சுடாது, பிழைத்தால் (தவறினால்) கொப்பளிக்கும் என்பது ஊர்த் தீர்ப்பு. அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

நான் பிழையில்லாமல் விரதம் இருந்தேன். ஊன்றிய தடியைப் பூசாரியாரிடம் கொடுத்துவிட்டுக் குழிக்குள் இறங்கினேன். இடது கால் தணலில் பட்டதும் தானாகத் துள்ளியது. ஆனால் வலது கால்! வாவிக்கரை ஈரமணலில் வைத்தது போல இருந்தது. இரண்டாம் முறை வைத்தேன், அப்படியே. அம்மன் இறங்கிவிட்டாள் என்று எனக்கு மெய்சிலிர்த்தது. குழியின் நடுவில் அந்த வலது காலில் என் முழுப் பாரத்தையும் போட்டு நின்று, இரண்டு கைகளையும் தூக்கினேன். சனம் குரவையிட்டது. முன்னும் பின்னும் எத்தனையோ பேர் பாய்ந்தார்கள். நின்றவன் நான் ஒருவன்தான்.

அன்று முழுவதும் அதைச் சொல்லித் திரிந்தேன். ஏன் சொல்லக்கூடாது? நடந்தது நடந்ததுதான்.

விடிந்ததும் கிணற்றடியில் கால் கழுவ உட்கார்ந்தபோது வள்ளிப்பிள்ளை என் வலது பாதத்தைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்கால் முழுவதும் கொப்புளம். ஒன்று உடைந்து நீர் வடிந்திருந்தது. எனக்கு ஒரு துளி நோவு இல்லை.

"விரதத்தில என்னத்தத் திண்டீங்க?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

"ஒண்டும் திங்கல்ல புள்ள. அம்மன் மேல ஆணை."

"அப்ப இது என்ன?"

காலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டேன். கந்தப்பனுக்குத் தெரிந்தவுடன் ஊருக்கும் தெரிந்துவிட்டது. போடியார் வாடிக்குள்ளே கருவாடு சுட்டுத் தின்றாராம் என்று கதை கட்டினார்கள். காடு வெட்டிய காலத்தில் என் பின்னால் கைகட்டி வந்தவர்கள் இப்போது என் முதுகுக்குப் பின்னால் மூக்கைப் பிடித்துக்கொண்டு போனார்கள். என் வாழ்நாளில் நான் எத்தனையோ செய்திருக்கிறேன், ஆனால் அந்தக் கருவாட்டை நான் தின்னவில்லை. செய்யாத ஒன்றுக்குச் சிரிப்பைச் சுமப்பது போல எரிச்சல் உலகத்தில் வேறில்லை. கால் குணமாகி, அடுத்த சடங்கில் அதே சனத்துக்கு முன்னால் அதே குழியில் திரும்ப நடந்து காட்டுவேன் என்று மனதுக்குள் முடிந்துகொண்டேன்.

கால் குணமாகவில்லை. நல்ல கால் என்று நான் நம்பியிருந்த வலது காலும் தளரத் தொடங்கியது. பிறகு சிறுநீர் கட்டிக்கொண்டது. வயிறு பானை போலப் பொருமி, நான் குழந்தை போல அழுதேன். தோணியில் போட்டு வாவியைக் கடந்து பட்டினத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே குழாய் விட்டு நீரை எடுத்தார்கள். உள்ளங்கால் புண்ணுக்கும் மருந்து கட்டினார்கள். அங்கிருந்த டொக்டர் என் முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் உதைத்த உதையில் அவர் கையிலிருந்த பேனை பறந்தது.

"காலில் பலமில்லை என்றீர். இது உதைக்கிறதே," என்றார்.

"அதைத்தான் நானும் கேக்கிறன் ஐயா. நான் சொன்னா அசையுதில்ல, நீங்க தட்டினா உதைக்கிது. கால் ஆருடையது?"

அவர் சிரிக்கவில்லை. முள்ளந்தண்டில் ஏதோ இருக்கிறது, கொழும்புக்குப் போ என்றார். கந்தப்பன் குறுக்கே விழுந்தான். "கொழும்புக்குப் போனவன் பெட்டியிலதான் வருவான் அத்தான்," என்றான். நான் சொன்னேன்: "நான் பெட்டியில வந்தா, தூக்குறதுக்கு நீ முன்னால நில்லு." கோச்சியில் (ரயிலில்) ஏறினோம். பலகையில் மல்லாந்து கிடந்து, வழியெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டு கொழும்பு போய்ச் சேர்ந்தேன்.

கொழும்பு ஆஸ்பத்திரி வாட்டில் என்னை ஒரு கட்டிலில் கிடத்தினார்கள். டொக்டர்மார் கூட்டமாக வந்து என் தலைக்கு மேலே இங்கிலீசில் பேசினார்கள். என் உடம்பைப் பற்றி என்னைத் தவிர எல்லாரும் பேசினார்கள். வேலிப் பிரச்சினையில் என் காணியை அளக்க வந்தவன்கூட என்னைக் கூப்பிட்டு வைத்துத்தான் அளந்தான். இங்கே அந்த மரியாதை இல்லை. நான் கட்டிலைத் தட்டினேன்.

"இஞ்ச நான் ஒருத்தன் கிடக்கன். எனக்கும் விளங்கப் பறையுங்க!"

கூட்டத்தில் ஓர் இளம் டொக்டர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பின்தங்கி நின்றார். மற்றவர்கள் போனதும் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அருகில் இருந்தார்.

"ஐயா, கோவப்படாதேங்கோ. கண்ணை மூடுங்கோ. நான் தொடுறதைச் சொல்லுங்கோ."

அவர் கையில் இரண்டு கண்ணாடிக் குழாய்கள் இருந்தன. ஒன்றில் சுடுநீர், மற்றதில் பச்சைத் தண்ணீர். இடது காலில் வைத்தார். சூடு, குளிர் என்று சரியாகச் சொன்னேன். வலது காலில் வைத்தார், ஒரே குளிர். மறுபடி வைத்தார், குளிர்தான். ஊசியால் குத்தினார், விரலால் தொட்டது போல இருந்தது.

"தம்பி, நீங்க பிழையான காலப் பாக்கிறீங்க. கெட்ட கால் இடது கால். வலது நல்ல கால்," என்றேன்.

அவர் வலது உள்ளங்காலைத் திருப்பினார். "இதென்ன தழும்பு? எப்ப சுட்டது?"

ஊர் என்னைப் பார்த்துச் சிரித்த சங்கதியைக் கொழும்பிலும் விரிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் வள்ளிப்பிள்ளை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாளா?

"டொக்டர் ஐயா, இவரு தீப்பாய்ஞ்சவரு. வலது கால் சுடவேயில்லையெண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சவரு. மறுகா பாத்தா உள்ளங்காலெல்லாம் கொப்புளம்."

"நீ வாய மூடு புள்ள!"

"ஏன் மூட? அவரு கேக்காரு, நான் சொல்றன். நீங்க உங்கட வீரத்தச் சொல்லுங்க."

அந்த டொக்டர் எழுந்தே நின்றுவிட்டார். எப்போது, எந்தக் கால், எவ்வளவு தூரம் சூடு தெரியவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு ஊசியால் மெல்லக் குத்திக் குத்தி வலது பாதத்திலிருந்து மேலே ஏறினார். தொப்புளையும் தாண்டி ஓரிடத்தில் குத்தினபோது நான் "ஆ" என்றேன். அங்கே மையால் ஒரு கோடு போட்டார். அதைவிட மேலேதான் என் கயிற்றுப் பிடிப்பும் இருந்தது.

அவர் சொன்ன விளக்கத்தை நான் விளங்கினபடி சொல்கிறேன். முள்ளந்தண்டுக்குள்ளே ஒரு நரம்புக் கயிறு (மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம்) ஓடுகிறது. காலை அசைக்கிற கட்டளை அந்தந்தப் பக்கத்தாலேயே இறங்குகிறது. சூட்டையும் நோவையும் கொண்டுபோகிற நரம்போ உள்ளே நுழைந்ததும் மறுபக்கம் கடந்து மேலே ஏறுகிறது. ஆகவே இடது பக்கம் ஏதாவது நெரித்தால் இடது கால் அசையாது, வலது காலுக்குச் சூடு தெரியாது. கெட்ட கால் சுடுவதை அறிந்த கால். நல்ல கால் எதையும் அறியாத கால்.

"அப்ப எண்ட விரதம் பிழைக்கல்ல?" என்று கேட்டேன்.

அவருக்கு நான் கேட்டது விளங்கவில்லை. "இல்லை ஐயா, நரம்புதான்," என்றார். எனக்கு அது போதும். வள்ளிப்பிள்ளையைப் பார்த்தேன். அவள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதை வாசிக்கிறவர்களில் யாருக்காவது கால் இழுத்தால், தயவுசெய்து இரண்டு காலையும் வெதுவெதுப்பான நீரில் வைத்துப் பாருங்கள். முதலில் கையால் சூட்டைப் பார்த்துவிட்டு வையுங்கள். இரண்டும் ஒரே கதையைச் சொல்லாவிட்டால் பரிசாரியார் வீட்டுக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நான் எண்ணெயிலும் ஒற்றடத்திலும் இழந்த காலத்தை எனக்கு யாரும் திருப்பித் தரமாட்டார்கள்.

பிறகு எக்ஸ்ரே. பிடரியில் ஊசி போட்டு ஒரு கனத்த எண்ணெயை முள்ளந்தண்டுக்குள் விட்டார்கள். என்னை நிமிர்த்தி உட்காரவைத்துப் படம் பிடித்தார்கள். எண்ணெய் வழிந்து கீழே இறங்க வேண்டும், ஓரிடத்தில் நின்றுவிட்டது. படத்தை எனக்குக் காட்டினார்கள். வாய்க்காலில் கட்டை விழுந்தால் தண்ணீர் மேலே குவிந்து நிற்குமே, அதேதான். தண்ணீர் பாய்ச்சிப் பிழைத்தவனுக்கு இதை விளங்கப்படுத்த இங்கிலீசு வேண்டியதில்லை.

பெரிய டொக்டர் வந்தார். சத்திரவைத்தியம் செய்கிறவர், வெள்ளைக்காரர். இளம் டொக்டர் இடையில் நின்று மொழிபெயர்த்தார். ஒரு கட்டி இருக்கிறது. முதுகைத் திறந்து, எலும்பின் பின்பக்க வளைவுகளை வெட்டி அகற்றி, உள்ளே போய் அதை எடுக்க வேண்டும்.

"எடுத்தா நடப்பனா?"

"நடக்கலாம். நடக்காமலும் போகலாம் என்கிறார்."

"எடுக்காட்டி?"

"இரண்டு காலும் முழுசாப் போகும்."

"இது என்ன பறைச்சல்? எருமை விக்கிறவன்கூட, இது உழும், இது உழாது எண்டு ஒண்டச் சொல்லுவான். இவரு ரெண்டையும் சொல்றாரு!"

இளம் டொக்டர் இதை எப்படி மொழிபெயர்த்தாரோ தெரியாது, பெரிய டொக்டர் சத்தமாகச் சிரித்தார். என் தோளில் கைவைத்து ஏதோ சொன்னார். "தனக்குத் தெரியாததைத் தெரியும் எண்டு சொல்லமாட்டாராம்." அது எனக்குப் பிடித்தது. எரிச்சலும் வந்தது, பிடித்தும் இருந்தது. ஓம் என்றேன்.

மேசையில் குப்புறப் போட்டார்கள். மூக்கில் ஈதர் (மயக்க மருந்து) மூடி வைத்தார்கள். அழுகிய பலாப்பழமும் மண்ணெண்ணெயும் கலந்தது போல ஒரு மணம். அதோடு சரி. நான் விழித்தபோது வாயெல்லாம் கசந்தது. முதுகில் நெருப்புக் கொள்ளியை வைத்துத் தைத்தது போல இருந்தது. கட்டியை எடுத்துவிட்டோம், கெட்ட கட்டி இல்லை, புளியங்கொட்டை அளவு என்றார்கள். புளியங்கொட்டை! யானையை விரட்டியவனைப் படுக்கவைக்க ஒரு புளியங்கொட்டை போதுமாக இருந்திருக்கிறது. அதைக் காட்டச் சொன்னேன். சோதனைக்கு அனுப்பிவிட்டார்களாம். என் உடம்பில் முளைத்ததை நான் இன்றுவரை கண்டதில்லை.

அதற்குப் பிறகு வந்ததைப் பற்றி யாரும் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். சத்திரவைத்தியம் ஒரு நாள். மீதியெல்லாம் கிடப்பது. படுக்கைப் புண் (ஒரே பக்கம் கிடந்து தோல் அழுகுவது) வராமல் இருக்க, நேர்ஸ்மார் இருவரும் வள்ளிப்பிள்ளையும் சேர்ந்து என்னை மரக்குற்றி போல உருட்டினார்கள். இடுப்பும் தோளும் ஒன்றாகத் திரும்ப வேண்டும். முதுகு முறுகக் கூடாது. நீர் போகக் குழாய். மலம் கழிக்க இன்னொருவர் கை. வாழ்க்கை முழுவதும் மற்றவர்களை ஏவிய வாயால், "தாயே, என்னைக் கொஞ்சம் கிறுக்கித் திருப்பி விடு," என்று கெஞ்சினேன். தலைமை நேர்ஸ் சிங்களப் பெண். அவளுக்குத் தெரிந்த தமிழ் ஒரே ஒரு சொல்: "பொறு." தண்ணீர் கேட்டாலும் பொறு, கால் எப்போது அசையும் என்றாலும் பொறு. அந்தச் சொல்லை வாட்டில் யாரோ தமிழன்தான் அவளுக்குப் படிப்பித்திருக்கிறான். அவன் என் கையில் அகப்பட்டிருந்தால் அவனை நான் விட்டிருக்கமாட்டேன்.

கால் அசையவில்லை. ஒவ்வொரு விடியலிலும் பெருவிரலைப் பார்த்துக் கட்டளையிட்டேன். அது கேட்கவில்லை. சில வேளை நான் கேளாமலேயே கால் இரண்டும் மடங்கித் துள்ளின. இது நல்லதா என்று கேட்டால், நல்லதாகவும் இருக்கலாம் என்றார்கள். எல்லாம் "லாம்". நெல் விதைத்தால் முளை வருகிற நாள் எனக்குத் தெரியும். குடலை வருகிற காலம் தெரியும், கதிர் சாய்கிற காலம் தெரியும். இந்த நரம்பு எந்தப் போகத்துப் பயிர் என்று எந்த டொக்டருக்கும் தெரியவில்லை. கோபத்தில் ஒரு நாள் கஞ்சிக் கோப்பையைத் தட்டிவிட்டேன். வள்ளிப்பிள்ளை தரையைத் துடைத்தாள். துடைத்து முடித்து நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள்.

"இஞ்ச பாருங்க. உங்கட விரல் ஆடுது."

"சும்மா துள்ளுது. விடு."

"துள்ளல்ல. நீங்க கோவத்தில உதைக்கப் பாத்தீங்க. இடது விரல் மடங்கிச்சி. இன்னொருக்கா என்னை உதையுங்க பாப்பம்."

உதைக்கப் பார்த்தேன். விரல் மடங்கியது. தலைமை நேர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவள் பார்த்துவிட்டு, கையை என் நெற்றியில் வைத்து, "பொறு," என்றாள். அந்த ஒரு தடவை எனக்குக் கோபம் வரவில்லை.

ஊருக்குத் திரும்பியபோது கக்கத்தில் இரண்டு கட்டைகள். பெட்டியில் வரவில்லை என்பதைக் கந்தப்பனுக்குச் சொல்லிக் காட்டினேன். இளம் டொக்டர் கடைசியாகச் சொன்னதைச் சொல்லிக்காட்டவில்லை. "ஐயா, வலது காலுக்குச் சூடு திரும்ப வரலாம், வராமலும் விடலாம். அதுவரைக்கும் நெருப்புப் பக்கம் போகக்கூடாது. சத்தியம் பண்ணுங்கோ." பண்ணினேன். பண்ணாவிட்டால் விடமாட்டார் போல இருந்தது.

கட்டைகள் ஒன்றாகி, ஒன்று தடியானது. வீட்டு வளவுக்குள் நடந்தேன். ஊர்க்காரர் நான் நடப்பதைப் பார்க்க வந்தார்கள். நரம்பு மறுபக்கம் கடக்கிற கதையைச் சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்கள். கேட்டுவிட்டுக் கந்தப்பன் சொன்னான்:

"எல்லாம் சரி அத்தான். ஆனா கருவாடு எந்த நரம்பால இறங்கிச்சி?"

எல்லாரும் சிரித்தார்கள். என் முதுகைத் திறந்து பார்த்துக் கண்டுபிடித்த உண்மை எங்கள் ஊர்ச் சிரிப்புக்கு முன்னால் நிற்கவில்லை. தடியை ஓங்கினேன்; நிலை தடுமாறி அவன் தோளிலேயே விழுந்தேன். அவன்தான் பிடித்து உட்காரவைத்தான்.

இதற்கிடையில் வலது காலில் வேறு தொல்லை. சேறு பட்டால் எரிந்தது. பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொதிநீர் போல இருந்தது. சில வேளை சூடு பட்டு, அது பட்டதே மறந்து, பேச்சு வேறெங்கோ போன பிறகு சூடு வந்து சேரும். வள்ளிப்பிள்ளை வெந்நீரால் கால் கழுவுவாள். "சுடுதா?" என்பாள். "இல்ல," என்பேன். அவள் செம்பை எடுத்துக்கொண்டு குசினிக்கு (அடுக்களைக்கு) போனதும் நான் "ஆ" என்பேன்.

சடங்கு வந்தது. காப்புக் கட்டுகிற நாள் காலை நான் வேட்டியை மாற்றிக்கொண்டு தடியை எடுத்தேன். வள்ளிப்பிள்ளை வாசலில் நின்றாள். ஈரத்தலை, மஞ்சள் சீலை.

"எங்க போறீங்க?"

"தெரியாதா? எண்ட நேர்த்தி கிடக்கு."

"டொக்டர்ட்டச் சத்தியம் பண்ணினீங்க."

"அம்மன்ட்ட அதுக்கு முன்னால பண்ணினன்."

"நேர்த்திய ஆரு குடுத்தா என்ன? நான் பாயிறன்."

"நீயா? உனக்கென்ன விசரா? கொப்பளிச்சா உன்னையும் சிரிப்பானுகள்."

"சிரிக்கட்டும். நீங்க வந்து பாத்துக்கொண்டு நில்லுங்க."

நான் கத்தினேன். அவள் போய்விட்டாள். கொழும்பில் என்னை உருட்டிப் பழகியவள். இப்போதெல்லாம் என் சத்தம் அவளை அசைப்பதில்லை.

கடைசி நாள் தீக்குழிக்கு அருகே எனக்கு ஒரு வாங்கு (பெஞ்சு) போட்டிருந்தார்கள். அந்த வெக்கை என் முகத்திலும் இடது காலிலும் அறைந்தது. வலது கால் அமைதியாக இருந்தது. போன வருடம் நான் எங்கே நின்றேன் என்பதைக் கண்ணால் தேடினேன். அந்த இடத்தில் இப்போது ஒருவர் பின் ஒருவராகப் பாய்ந்து போனார்கள். வள்ளிப்பிள்ளையின் முறை வந்தது. அவள் கும்பிட்டாள், இறங்கினாள், விடுவிடுவென்று நடந்து கடந்துவிட்டாள். மறுகரையில் மஞ்சள்நீர்க் குழியில் கால் வைத்தபோது அவள் உதட்டைக் கடித்திருந்ததை நான் பார்த்தேன். ஊர் அவள் காலைப் பார்த்தது. கொப்புளம் இல்லை. கந்தப்பனும் குனிந்து பார்த்தான்.

அவள் என் வாங்கில் வந்து இருந்தபோது மெதுவாகக் கேட்டேன்.

"புள்ள, சுட்டதா?"

"சுட்டதுதான். நெருப்புச் சுடாம என்ன செய்யும்?"

"அப்ப மத்தாக்களுக்கு?"

"எல்லாருக்கும் சுடும். ஆரு வெளியில சொல்லுவா? சுடுறதாலதானே இந்த ஓட்டம் ஓடுறாங்க." அவள் என் வலது காலைப் பார்த்தாள். "நடுவில நிண்டது நீங்க ஒராள்தான். சுட்டிருந்தா நிண்டிருப்பீங்களா? கருவாட்டுக் கதைய நான் அண்டைக்கே நம்பல்ல. கேட்டுப் பாத்தன், அவ்வளவுதான்."

வருடம் முழுவதும் நான் சொல்லிக்கொண்டிருந்ததை அவள் முன்னமே அறிந்திருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு ஆத்திரம் வந்தது. அதற்குள் சனம் கலைந்து, பூசாரியார் குழியில் நீர் தெளிக்கத் தொடங்கினார். குழியோரத்தில் தணல் அவிந்து சாம்பலாகியிருந்தது. அவள் முதலில் தன் கையை அதில் வைத்துப் பார்த்தாள். பிறகு என் வலது பாதத்தைப் பிடித்து அந்தச் சாம்பலில் வைத்து, உடனே எடுத்தாள்.

"சுடுதா?"

"இல்ல."

தடியை ஊன்றி எழுந்தேன். அவள் என் இடப்பக்கம் பிடித்தாள். கோயில் வாசலைக் கடந்தோம். மணல் ஒழுங்கையில் (சந்தில்) இறங்கினோம். கந்தப்பன் வண்டியில் மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்தான். அந்த இடத்தில் என் வலது உள்ளங்காலில், கிணற்றில் போட்ட கல் அடியில் போய்ப் படுவது போல, சூடு வந்து சேர்ந்தது.

நின்றேன்.

"என்ன? விழப்போறீங்களா?"

"பொறு," என்றேன்.

அவள் பொறுத்துக்கொண்டு நின்றாள். சூடு மெல்ல ஏறி, கணுக்காலைத் தாண்டி, முழங்காலுக்குக் கீழே நின்றது. இப்போதும் அப்படித்தான். இடது கால் நடக்கிறபோதே அறிகிறது. வலது கால் நடந்து முடிந்த பிறகு அறிகிறது. ஒரே உடம்பில் எனக்கு இரண்டு நேரங்கள் ஓடுகின்றன. அன்று ஒழுங்கையில் நின்றபடி நான் நினைத்தேன், போன வருடம் நான் நின்ற தீ இப்போதுதான் எனக்குச் சுடுகிறது என்று.